ஒரு செட் டின்னும் ஆறு வைன் கிளாஸும்: டர்பன்ல நான் காசைக் கரியாக்குன கதை

மக்ரூன் திங்கணும்னு ஆசைப்பட்டதுலதான் எல்லாம் ஆரம்பிச்சுது. எனக்கு சொந்த ஊர் தூத்துக்குடி, 2016ல வேலைக்காக தென்னாப்பிரிக்காவுல இருக்கிற டர்பன் வந்தோம், துறைமுகத்துப் பக்கத்துல ஒரு ஷிப்பிங் ஆபீஸ். துறைமுகத்துல பொறந்து துறைமுகத்துக்கே வந்தவன்ங்கிறதால வெயிலு, புழுக்கம், உப்புக் காத்து எதுவும் புதுசா தெரியல, மசாலா வேணும்னா விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட் இருக்கு, கறிவேப்பிலை அடுத்த வீட்டுலயே மரமா நிக்குது, மக்ரூன் மட்டும்தான் இல்ல. ஊர்ல இருந்து வர்றவங்க கால் கிலோ கொண்டு வந்தா அது ஃப்ளைட் மாறி மாறி வந்து சேர்றதுக்குள்ள பாதி பொடியாயிரும், அந்தப் பொடியை ஸ்பூன்ல அள்ளித் திங்கிற சுகமே தனி, அது வேற விஷயம். முட்டை வெள்ளைக்கரு, சீனி, முந்திரி, மூணே சாமான்தானே, நாமளே செஞ்சா என்னன்னு தோணுச்சு. எங்க அம்மாவோட தம்பி, என் மாமா, தூத்துக்குடில முப்பது வருஷம் பேக்கரில நின்னவர், அவர்கிட்ட கேட்டுக்கலாம்னு ஒரு தைரியம்.

அப்போ நாங்க சாட்ஸ்வொர்த்ல ஒரு ஆன்ட்டி வீட்டுக்குப் பின்னாடி அவுட்பில்டிங்ல வாடகைக்கு இருந்தோம். அவுட்பில்டிங்னா பெரிய வீட்டுக்குக் கொல்லைல ரெண்டு ரூம் ஒரு கிச்சன் கட்டி விட்டுருப்பாங்க பாருங்க, அது. அந்தக் கிச்சன்ல ஏற்கனவே ஒரு அவன், அதாவது கேக்கு ரொட்டி சுடுற அடுப்பு, இருந்துச்சு, பட்டன் மேல எழுதுன நம்பர் எல்லாம் அழிஞ்சு போன பழைய அவன். எனக்கு வேண்டியது தட்டு மட்டும்தான்னு சூப்பர் மார்க்கெட்டுக்குப் போயி 'அஞ்சு பீஸ் பேக்கிங் செட், 399 ரேண்ட்'னு ஒரு பெரிய டப்பாவைத் தூக்கிட்டு வந்தேன். கருகருன்னு மினுமினுன்னு நான்ஸ்டிக், ஒரு ரவுண்டு டின், ஒரு லோஃப் டின், மஃபின் தட்டு, ஒரு பெரிய தட்டு, ஒரு சின்னத் தட்டு. தூக்கிப் பாத்தா எடையே இல்ல, அதைக் கூட நான் நல்ல விஷயம்னு நினைச்சேன், பாருங்க என் அறிவை.

வீட்டுக்கு வந்து பெரிய தட்டை உள்ள தள்ளுனா போகல. அவனோட உள் அகலம் 44 சென்டிமீட்டர், தட்டு 46. அந்த ரெண்டு சென்டிமீட்டரை நான் எட்டு வருஷமா மறக்கல. அமெரிக்காக்காரங்க வீடியோல 'ஹாஃப் ஷீட்'னு ஒரு தட்டு காட்டுவாங்க, அது 18 இன்ச் 13 இன்ச், அதாவது கிட்டத்தட்ட 46க்கு 33, அவங்க ஊரு பெரிய அவனுக்கு அது சரி, நம்ம வீட்டுல இருக்கிற 60 சென்டிமீட்டர் அவன் எல்லாத்துலயும் அது போயிரும்னு சொல்ல முடியாது, ஏன்னா 60ங்கிறது வெளி அளவு, உள்ள சுவரும் ரேக் மாட்டுற கம்பியும் போக மிச்சம் எவ்வளவுன்னு டேப் வச்சுதான் பாக்கணும். கதவை மூடிப் பாருங்க, பின்னாடியும் பக்கவாட்டுலயும் காத்து சுத்துறதுக்கு ரெண்டு விரல் இடம் இருக்கணும். தட்டு முழுசா அடைச்சிக்கிட்டா கீழ இருக்கிற சூடு மேல ஏறாது, அடி கருகும் மேல வெளுத்துக் கிடக்கும்.

சரி, சின்னத் தட்டு இருக்கேன்னு அதுல மக்ரூன் ஊத்துனேன். கூம்பு கூம்பா அழகா நிக்குது. 120ல ஒரு மணி நேரம் வச்சு எடுத்தா மேல வெள்ளை, உள்ள சவ்வு, அடி மட்டும் காப்பிக்கொட்டை கலர்ல கருகி தட்டோட ஒட்டிப் போச்சு. உடனே மாமாவுக்கு வீடியோ கால்.

"ஏல மருமவனே, மக்ரூன அப்புறம் காட்டு, மொதல்ல தகட்டக் காட்டு."

காட்டுனேன்.

"கருப்புத் தகடா! அதுலயால வச்ச? கருப்பு சூட்ட இழுக்கும்லா, அடி தீயாம என்ன செய்யும். எங்க கடைல மக்ரூனுக்குன்னு தனியா வெள்ளத் தகடு வச்சிருப்போம், ரொட்டி எல்லாம் போட்டு முடிச்சு வெறகு அடுப்பு ஆறி வர்ற நேரத்துல உள்ள தள்ளிட்டுப் போயிருவோம்ல, காலைல வந்துதான் எடுப்போம்."

மாமா சொன்னதுதான் சரி. அவன்ல சூடு காத்து வழியா மட்டும் வர்றதில்ல, சுவர்ல இருந்தும் கீழ இருக்கிற எலிமென்ட்ல இருந்தும் வெயில் மாதிரி நேரா அடிக்குது, கருப்புத் தட்டு அதை உள்ள வாங்கிக்கும், பளபளன்னு வெளுத்த அலுமினியம் பாதியைத் திருப்பி அனுப்பிரும். அதனால பிஸ்கட், மக்ரூன், ஸ்பான்ஜ் கேக் மாதிரி நிறம் ஏறக்கூடாத சமாச்சாரத்துக்கு வெளுத்த அலுமினியம், ரொட்டி, பிட்சா மாதிரி அடி மொறுமொறுன்னு வேணும்னா கருப்பு. கருப்புத் தட்டுதான் கைல இருக்குன்னா ரெசிப்பில சொன்னதை விட ஒரு 15 டிகிரி குறைச்சு வைங்க, முன்கூட்டியே எட்டிப் பாருங்க, ஓரளவு சமாளிக்கலாம்.

ஆனா தப்பு முழுக்க தட்டு மேல இல்ல. ஆன்ட்டி ஒரு நாள் எட்டிப் பாத்துட்டு, அவங்க கிச்சன்ல இருந்து சின்னதா வட்டமா ஒரு தெர்மாமீட்டர் கொண்டு வந்து ரேக்ல தொங்க விட்டாங்க. நான் 120னு திருப்பி வச்சிருந்த அவன் உள்ள 145. அந்த தெர்மாமீட்டர் விலை ஒரு சுமாரான சாப்பாட்டு விலைதான். அவனுக்குள்ள வைக்கிற எந்தப் பாத்திரமும் வாங்குறதுக்கு முன்னாடி இதை வாங்குங்க, பட்டன் சொல்றதை நம்பி நான் எத்தனை டஜன் முட்டையை வீணாக்குனேன்னு வீட்டுல இன்னும் கணக்கு வச்சிருக்காங்க.

ஆன்ட்டியைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். அவங்க முன்னோர் 1860க்கு அப்புறம் மெட்ராஸ்ல இருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கப்பல்ல வந்தவங்க. ஆன்ட்டிக்கு தமிழ்ல பேச வராது, ஆனா தேவாரம் இங்கிலீஷ் எழுத்துல எழுதி வச்சுப் பாடுவாங்க, புரட்டாசி மாசம் முழுக்க கறி, முட்டை தொட மாட்டாங்க, அதனால முட்டை இல்லாத கேக்குல அவங்களை அடிச்சுக்க ஆள் இல்ல. தீபாவளிக்கு ஒரு மாசம் முன்னாலயே பிஸ்கட் சுட ஆரம்பிச்சிருவாங்க, இங்க தீபாவளின்னா முறுக்கு அதிரசத்தோட தட்டு தட்டா பிஸ்கட்டும் தெரு முழுக்கப் போகணும். சுட்டதெல்லாம் ரெண்டு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பால அடுக்கி வைப்பாங்க. டர்பன்ல யார் வீட்டுலயும் ஐஸ்கிரீம் டப்பால ஐஸ்கிரீம் இருந்து நான் பாத்ததில்ல.

அவங்க தட்டு அலுமினியம், சாம்பல் நிறத்துல மங்கிப் போய், ஒரு மூலைல லேசா நசுங்கி இருக்கும். அவங்க அம்மாவோடதாம். மேகசின் பராக்ஸ்னு டர்பன் முனிசிபாலிட்டில வேலை பாத்த இந்தியர்களோட குடியிருப்புல இருந்த குடும்பங்களை அரசாங்கம் கிளப்பி சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்புச்சு பாருங்க, அறுபதுகள்ல, அப்போ மூட்டையோட மூட்டையா வந்த தட்டு. அதைக் கைல வாங்குனப்பதான் எடைன்னா என்னன்னு எனக்குப் புரிஞ்சுது. ரெண்டு கையாலயும் எதிரெதிர் மூலையைப் பிடிச்சு முறுக்குனேன், அசையல. ஓரத்தைச் சுருட்டி உள்ள கம்பி வச்சிருக்கு. அப்புறம் என்னோட கருப்புத் தட்டை முறுக்குனேன், அப்பளம் மாதிரி வளைஞ்சுது. 200 டிகிரில அந்தத் தட்டு 'டங்'னு ஒரு சத்தம் போடும், ராத்திரில கேட்டா திருடன் வந்துட்டான்னு நினைப்பீங்க, மெல்லிசுத் தகடு ஒரு பக்கம் முன்னாடியே சூடாகி விரிஞ்சு திடீர்னு வளையுற சத்தம் அது, பிஸ்கட் எல்லாம் ஒரு ஓரமா சறுக்கிக் கிடக்கும்.

ஆன்ட்டி என் செட்டைப் பாத்துட்டு சொன்னது ஒரே வாக்கியம். "யூ பாட் எ பாக்ஸ், தம்பி, நாட் எ டின்."

அது உண்மைதான், அஞ்சு பீஸ்ல நான் தொடர்ந்து பயன்படுத்துனது ஒண்ணே ஒண்ணு, லோஃப் டின். மஃபின் தட்டுல குழி எல்லாம் சின்னது. ரவுண்டு டின்ல முதல் வாரமே கேக்கை டின்லயே வச்சு கத்தியால வெட்டுனேன், கோடு விழுந்துச்சு, ஆறு மாசத்துல அந்தக் கோடு வழியா கோட்டிங் உரிய ஆரம்பிச்சுது, உரிஞ்ச இடத்துல துரு. டர்பன் காத்துல இரும்புன்னு ஒண்ணை ஈரத்தோட வச்சா மறுநாள் காலைல செம்மண் கலர்தான். முக்கியமா அந்தச் சுருட்டுன ஓரத்துக்குள்ள தண்ணி போய் உக்காந்துக்கும், துணியால துடைச்சாலும் வராது. இப்போ நான் செய்றது என்னன்னா, கழுவுன உடனே டின்னைத் திரும்ப அவனுக்குள்ள, அணைச்சு ஆறிக்கிட்டு இருக்கிற சூட்டுல பத்து நிமிஷம் கவுத்து வச்சிருவேன். மாமா மக்ரூனுக்கு செஞ்ச வேலையை நான் டின்னுக்கு செய்றேன்.

நான்ஸ்டிக்கே வேண்டாம்னு சொல்ல வரல. அந்தக் கோட்டிங் பிடிஎஃப்இன்னா, அதாவது டெஃப்லான்னு சொல்ற பூச்சுன்னா, 260 டிகிரி வரைக்கும் ஒண்ணும் ஆகாது, சாதாரண கேக்கு 180தான். கிரில்ல போட்டுக் காலித் தட்டை மறந்துட்டாதான் வம்பு, அதுல வர்ற புகை மனுஷங்களை விட பறவைங்களுக்கு ரொம்ப மோசம், வீட்டுல கிளி, லவ் பேர்ட்ஸ் வச்சிருக்கிறவங்க அந்தப் பக்கமே போகாதீங்க. என் அனுபவத்துல நல்ல கெட்டி அலுமினியமும் ஒரு சுருள் பேக்கிங் பேப்பரும் இருந்தா நான்ஸ்டிக் தேவையே படல. அலுமினியத்துல ஒண்ணே ஒண்ணு கவனிக்கணும், எலுமிச்சை, தக்காளி மாதிரி புளிப்பு நேரா படக்கூடாது, மங்கிரும், ருசியும் மாறும். ஆனடைஸ் பண்ணதுன்னா, அதாவது மேல கெட்டியா ஆக்சைடு படலம் ஏத்துனதுன்னா, அந்தப் பிரச்சினை குறைவு, ஆனா அதை டிஷ்வாஷர்ல போடாதீங்க, என் நண்பன் போட்டான், வெள்ளை வெள்ளையா பூத்துப் போச்சு. சிலிக்கான் அச்சு வாங்கிப் பாத்தேன், தூக்கும்போது குழந்தை மாதிரி நெளியுது, அடில நிறமே ஏறல, கொழுக்கட்டை உறைய வைக்கவும் ஐஸ் கட்டிக்கும் இப்போ பயன்படுது, அவ்வளவுதான்.

அளவு விஷயம்தான் ரொம்பப் பேர் ஏமாறுற இடம், நானும்தான். ஆன்ட்டி கொடுத்த முட்டையில்லாத கேக்கு ரெசிப்பி 20 சென்டிமீட்டர் ரவுண்டு டின்னுக்கு. நான் எடுத்தது செட்ல சேராத வேற ஒரு டின், 23. மூணு சென்டிமீட்டர்ல என்ன பெரிய வித்தியாசம்னு ஊத்துனேன், தோசை மாதிரி வந்துச்சு. அப்புறம் ஆபீஸ்ல உக்காந்து கணக்குப் போட்டா, 20க்கு பரப்பு 314 சதுர சென்டிமீட்டர், 23க்கு 415, அதாவது மூணுல ஒரு பங்கு கூட. இன்னொரு வேடிக்கை, 20 சென்டிமீட்டர் சதுர டின் 400 வருது, அப்படின்னா 23 ரவுண்டுக்கு எழுதுன ரெசிப்பியை 20 சதுரத்துல கண்ணை மூடிக்கிட்டு ஊத்தலாம். இதுக்கு மேல ஒரு வேடிக்கை இருக்கு, என் செட்ல இருந்த டின் மேல ஒட்டியிருந்த ஸ்டிக்கர் 23, டேப் வச்சுப் பாத்தா அது மேல் விளிம்போட வெளி அளவு, உள்ள அடி 21தான், பக்கம் சரிவா இருந்துச்சு. அப்போ நிஜமா 23க்கான மாவை அதுல ஊத்துனவன் கதி என்ன, ஆறுல ஒரு பங்கு அடுப்புத் தரைல. அடியும் மேலும் ஒரே அகலம், பக்கம் நேரா நிக்கிற டின்தான் லேயர் கேக்குக்கு சரி, சரிவா இருந்தா அடுக்கும்போது சாயும்.

(ஜோகன்னஸ்பர்க்ல இருக்கிற நண்பனுக்கு இதே ரெசிப்பி, இதே டின், கேக்கு நடுவுல பள்ளம். அது டின் தப்பில்ல, அந்த ஊர் கடல் மட்டத்துக்கு மேல 1,700 மீட்டருக்கும் மேல இருக்கு, காத்தழுத்தம் கம்மி, மாவு வேகமா உப்பி தாங்க முடியாம உக்காந்துரும். பேக்கிங் பவுடரைக் குறைக்கச் சொன்னேன், சரியாச்சு.)

2018ல செட்டை ஒரு பக்கமா வச்சிட்டு, கேட்டரிங்காரங்களுக்கு சாமான் விக்கிற கடைல போயி ஒரு அலுமினியத் தட்டு, ஒரு 20 ரவுண்டு டின் மட்டும் வாங்குனேன். வீடுகளுக்கு விக்கிற கடையை விட அங்க அலங்காரம் கம்மி, கனம் ஜாஸ்தி, தட்டு 280 ரேண்டோ என்னவோ, இன்னும் வளையல. அந்தக் கனத்தோட அருமை 2022, 2023ல கரண்ட் கட் உச்சத்துல இருந்தப்போதான் தெரிஞ்சுது. லோட் ஷெடிங் அட்டவணை பாத்துத்தான் மாவே கரைப்போம், அப்படியும் ஒரு நாள் மக்ரூன் உள்ள போயி நாப்பது நிமிஷத்துல கரண்ட் போச்சு, ரெண்டு மணி நேரத்துக்கு வராது. வீட்டுல "ஏங்க, எடுத்துருங்க"ன்னாங்க. நான் கதவைத் திறக்காம அப்படியே விட்டேன், கெட்டித் தட்டு, சூட்டைப் பிடிச்சு வச்சுக்கிச்சு, இருட்டுல மெழுகுவத்தி வச்சு சாப்பிட்டு முடிச்சு போயித் திறந்தா, வாழ்க்கைல முதல் தடவையா உள்ள வரைக்கும் காஞ்ச மக்ரூன். மாமா சொன்ன ஆறி வர்ற விறகு அடுப்பு அதுதான்னு அப்பதான் உறைச்சுது. அதுல இருந்து வேணும்னே அவனை அணைச்சிட்டு உள்ளயே விட்டுர்றேன்.

கண்ணாடிப் பாத்திரம் பத்தி ஒரு பயங்கரம். ஒரு ஞாயித்துக்கிழமை பிரெட் புட்டிங், கண்ணாடி டிஷ், அவன்ல இருந்து எடுத்து சிங்க் பக்கத்துல கிரானைட் மேல வச்சேன், அங்க லேசா தண்ணி இருந்திருக்கு, ரெண்டு நொடி, வெடி மாதிரி வெடிச்சுது. குழந்தை ஹால்ல இருந்தா, நல்லவேளை. கதை என்னன்னா, அவன் கண்ணாடில ரெண்டு ஜாதி. ஒண்ணு போரோசிலிகேட், லேப்ல இருக்கிற பீக்கர் கண்ணாடி, சூட்டுக்கு ரொம்பக் கொஞ்சமாத்தான் விரியும். இன்னொண்ணு டெம்பர் பண்ண சாதாரண சோடா லைம் கண்ணாடி, கீழ விழுந்தா தாங்கும், ஆனா சூட்டுல கிட்டத்தட்ட மூணு மடங்கு விரியும், திடீர்னு சூடு மாறுனா தாங்காது. என் டிஷ் எந்த ஜாதின்னு எழுதவே இல்ல. இப்போ அடில போரோசிலிகேட்னு எழுதியிருந்தாத்தான் எடுக்குறேன், அதையும் சூடா எடுத்தா மரப் பலகை இல்லன்னா காஞ்ச துணி மேலதான் வைக்கிறது. ஃப்ரிட்ஜ்ல இருந்து நேரா அவனுக்கும் போகாது.

இனி கிளாஸ் கதை. நான் குடிகாரன் இல்லன்னு முதல்லயே சொல்லிர்றேன், அம்மா இதைப் படிச்சாலும் படிப்பாங்க.

2019ல ஆபீஸ்ல கேப்டவுனுக்கு அனுப்புனாங்க, வேலை முடிஞ்சு அங்க இருந்த கூட்டாளி ஸ்டெல்லன்போஷ்ல ஒரு வைன் தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போனான். இந்த ஊர்க்காரங்களுக்கு வைன்னா நமக்கு காப்பி மாதிரி, 1659 பிப்ரவரி 2ல கேப்ல முதல் வைன் பிழிஞ்சதா அப்போ அங்க டச்சுக்காரங்களுக்குத் தலைவரா இருந்த ஃபான் ரீபீக் டைரில எழுதி வச்சிருக்காருன்னு சுத்திக் காட்டுன ஆளு பெருமையா சொன்னார். பினோடாஜ்னு ஒரு திராட்சை, அது இந்த நாட்டுலயே பொறந்தது, 1925ல ஸ்டெல்லன்போஷ்ல பெரோல்ட்னு ஒரு பேராசிரியர் பினோ நுவார், சின்சோன்னு ரெண்டு திராட்சையை இனக்கலப்பு பண்ணி உண்டாக்குனது, சின்சோவுக்கு அப்போ இங்க ஹெர்மிடாஜ்னு பேரு, ரெண்டையும் சேர்த்து பினோடாஜ். அந்த ஆளு ஒரே பினோடாஜை ரெண்டு கிளாஸ்ல ஊத்திக் கொடுத்தார். ஒண்ணு ஓட்டல்ல தண்ணி குடிக்கிற தடிச்ச டம்ளர், இன்னொண்ணு வயிறு அகண்டு வாய் குறுகுன காம்பு கிளாஸ். டம்ளர்ல புளிப்பு மட்டும், கிளாஸ்ல மூக்கை வச்சா நாவல்பழம், கொஞ்சம் புகை வாசம். எனக்கு சிரிப்பு வந்துருச்சு, ஏன்னா எங்க தாத்தா டவரா இல்லாம காப்பி குடிக்க மாட்டார், அதுக்கு நாங்க அவரைக் கேலி பண்ணுவோம்.

அந்த சந்தோஷத்துல டர்பன் வந்ததும் ஆறு கிளாஸ் வாங்குனேன், பெரிய சைஸ், 700 மில்லி பிடிக்கும், உயரம் 24 சென்டிமீட்டர். அலமாரித் தட்டோட உயரம் 22. மறுபடியும் டேப் எடுக்காம போன மடையன் நான்தான். ஆறும் மூணு மாசம் டப்பாலயே கிடந்துச்சு, ஃப்ரிட்ஜ் மேல. விருந்தாளி வரும்போது இறக்கிக் கழுவித் துடைக்கணும், அப்படித் துடைக்கும்போதுதான் ஒரு கையால அடியைப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையால துணியை உள்ள விட்டுத் திருகுனேன். காம்பு 'டிக்'னு முறிஞ்சு உள்ளங்கைல ஏறிடுச்சு, நாலு தையல். எல்லாரும் இப்படித்தான் துடைப்பாங்க, இப்படித்தான் முறியும். வயித்தைத் துடைக்கும்போது வயித்தையே பிடிக்கணும், அடியைத் துடைக்கும்போது அடியைப் பிடிக்கணும், ரெண்டையும் எதிரெதிரா திருகவே கூடாது. கழுவுறதும் விருந்து முடிஞ்ச ராத்திரி வேண்டாம், தண்ணி ஊத்தி வச்சிட்டுத் தூங்கப் போங்க, காலைல தெளிஞ்ச கண்ணோட கழுவுங்க.

இப்போ கிளாஸ் வாங்குறதுன்னா நான் பாக்குறது சொல்றேன். முதல்ல விளிம்பு. விரலை மெல்ல ஓட்டிப் பாருங்க, மலிவு கிளாஸ்ல விளிம்புல உருண்டையா ஒரு வரப்பு தட்டும், அது உதட்டுல தடிப்பா படும், வழியவும் செய்யும். வெட்டி மெருகு போட்ட விளிம்புன்னா வரப்பே இருக்காது. அப்புறம் வயிறு அகண்டு மேல குறுகணும், வாசனையைப் பிடிச்சு வைக்கிறது அந்தக் குறுகல்தான், நேரா விரிஞ்சு நிக்கிற கிளாஸ் பாக்க அழகு, வாசனை போயிரும். அடித்தட்டு வயிறு அகலத்துக்குக் கிட்டத்தட்ட இருக்கணும், இல்லன்னா குழந்தை இருக்கிற வீட்டுல ஒரு வாரம் தாங்காது. மேசை மேல வச்சு லேசா தட்டிப் பாருங்க, ஆடி நிக்கணும், விழக்கூடாது. வாங்குற கடைல ஆறு கிளாஸையும் வரிசையா வச்சு கண் மட்டத்துல பாத்தா கோணலா நிக்கிறது தெரிஞ்சிரும்.

எத்தனை வகை வாங்கணும்னா, ஒண்ணே ஒண்ணு. சிவப்புக்கு ஒண்ணு, வெள்ளைக்கு ஒண்ணு, பினோடாஜுக்கு ஒண்ணுன்னு விப்பாங்க, நாக்குல இனிப்புக்கு ஒரு இடம் புளிப்புக்கு ஒரு இடம், கிளாஸ் அங்க கொண்டு போய்ச் சேர்க்கும்னு ஒரு சேல்ஸ்மேன் என்கிட்ட படமே காட்டுனார், நாக்கு வரைபடம்னு அது எப்பவோ தப்புன்னு ஆயிருச்சு, எல்லா ருசியும் நாக்கு முழுக்கத் தெரியும். ருசி பாக்குறவங்களே தொழில்ல பயன்படுத்துற ஐஎஸ்ஓ கிளாஸ், அதாவது சர்வதேசத் தர அளவுல செஞ்ச கிளாஸ், மொத்தமே 215 மில்லிதான், அதுல 50 மில்லி ஊத்திப் பாப்பாங்க. வீட்டுக்கு 400ல இருந்து 450 மில்லி போதும், வயிறு எங்க அகலமா இருக்கோ அது வரைக்கும் ஊத்துனா சுமாரா 150 வரும், ஒரு பாட்டில் 750, அஞ்சு பேருக்கு சரி. நிறைய ஊத்திக் கொடுக்கிறதுதான் மரியாதைன்னு நினைக்கிறது நம்ம வழக்கம், வைனுக்கு அது ஆகாது, சுழட்ட இடம் இருக்காது, சட்டை மேல வரும்.

கிரிஸ்டல்னு சொன்னா கவனிங்க. கிரே ஸ்ட்ரீட் பக்கத்துல ஒரு பழைய சாமான் கடைல செதுக்கு வேலை பண்ண கனமான கிண்ணம் ஒண்ணு, மூடியோட, வீட்டுல ஆசைப்பட்டு வாங்குனாங்க. தட்டுனா கோயில் மணி மாதிரி நீளமா ரீங்காரம். ரெண்டு மாசம் கழிச்சு நான் திறந்து பாத்தா உள்ள எலுமிச்சை ஊறுகாய். பழைய லெட் கிரிஸ்டல்ல 24 சதவீதம், அதுக்கு மேலயும் ஈய ஆக்சைடு இருக்கும், அதுதான் அந்த எடையும் மினுக்கும். ஊத்தி உடனே குடிச்சா பெருசா இறங்காது, ஆனா புளிப்பானதை நாள்கணக்குல வச்சா ஈயம் இறங்கிக்கிட்டே இருக்கும். ஊறுகாயை விடப் புளிப்பா என்ன வைக்க முடியும் சொல்லுங்க. அப்படியே கொட்டுனோம், வீட்டுல ரெண்டு நாள் பேச்சு வார்த்தை இல்ல, ஊறுகாய் போச்சேன்னு. கிண்ணம் இப்போ ஷோகேஸ்ல சாவி போட்டு வைக்க. புதுசா வர்ற கிளாஸ்ல ஈயம் இல்லாத கிரிஸ்டல்னு டப்பால எழுதியிருக்கும், அதுவும் நல்லாவே ரீங்காரம் போடும், அதனால சத்தத்தை வச்சு ஈயம் இருக்கா இல்லையான்னு முடிவு கட்டாதீங்க.

மங்கிப் போன கிளாஸுக்கு ஒரு சோதனை இருக்கு. வினிகர்ல நனைச்ச துணியால ஒரு இடத்துல தேயுங்க, தெளிஞ்சா அது தண்ணில இருக்கிற உப்புப் படிவு, மொத்தத்தையும் வினிகர்ல கழுவுனா சரியாயிரும். தெளியலன்னா டிஷ்வாஷர் கண்ணாடியையே அரிச்சிருச்சு, என்ன போட்டாலும் திரும்பாது. அடுக்கும்போது கவுத்து வைக்காம நிமித்தியே வைங்க, கவுத்தா கிளாஸ்லயே மெலிசான இடமான விளிம்பு மேல மொத்த எடையும் உக்காரும், உள்ள அலமாரி வாசமும் அடைஞ்சிக்கும். டர்பன் மழைக்காலத்துல அந்த வாசம் எப்படின்னு இங்க இருக்கிறவங்களுக்குத் தெரியும்.

பழைய ஆறுல இப்போ மிச்சம் மூணு. அதுக்கப்புறம் வாங்குன 420 மில்லி கிளாஸ் நாலு இருக்கு, அலமாரில நிக்குது. அதுல வைன் ஊத்துறது வருஷத்துக்கு நாலு தடவை இருந்தா அதிகம், மிச்ச நாள் எல்லாம் நன்னாரி, மாம்பழ ஜூஸ், டிசம்பர்ல ஆன்ட்டி வீட்டு ஜிஞ்சர் பீர், ஒரு தடவை சேமியா பாயசம் கூட ஊத்திக் கொடுத்தோம், காம்பைப் பிடிச்சுக்கிட்டு எல்லாரும் ரொம்ப நாகரிகமா குடிச்சாங்க. அம்மா போன வாரம் வீடியோ கால்ல, "பின்னாடி என்னய்யா அது, காலு நீளமா, சர்ச்சுல வைக்கிற மாதிரி"ன்னாங்க. ஜூஸ் கிளாஸ்மான்னேன். நம்புன மாதிரி தெரியல.

நாங்க சாட்ஸ்வொர்த்ல இருந்து வீடு மாறி வந்தாச்சு, ஆனா ஆன்ட்டி தீபாவளி பிஸ்கட்டுக்கு ஒரு சதுர டின் கேட்டிருக்காங்க, அவங்களோடது ஒண்ணு கடைசில ஓட்டை விழுந்துருச்சாம். 23 வேணும்னாங்க, உள் அளவா வெளி அளவான்னு கேட்டேன், "நவ் யூ லேர்னிங், தம்பி"ன்னு சிரிச்சிட்டு அவங்க அவன் அகலத்தையும் சேர்த்து அனுப்பியிருக்காங்க. சனிக்கிழமை டேப்பைப் பைல போட்டுட்டுப் போகணும்.